கயிற்றைத் தளர்த்தியபோது கற்ற பாடம்

 

திருக்குர்ஆனின் 100ஆவது அத்தியாயமான அல்ஆதியாத்தைச் சுமார் இருபது ஆண்டுகளாக மதரஸாவில் நடத்தி வருகிறோம். மூச்சிரைக்க ஓடும் குதிரைகளையும், அவற்றின் குளம்படியில் தெறிக்கும் தீப்பொறிகளையும், அதிகாலையில் எழும் புழுதியையும் விளக்கும்போது பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். ஆனால் நாம் ஒருமுறைகூடக் குதிரையின் முதுகில் அமர்ந்ததில்லை. கடந்த ஷஃபான் விடுமுறையில் கொடைக்கானல் சென்றபோது, நம் இளைய மகன்தான் அதைக் கேட்டுவிட்டான்: "அத்தா, குதிரையைப் பத்திப் பாடம் நடத்துறீங்க. நீங்க ஏறவே இல்லையா?"

ஏரிக்கரையில் நின்ற குதிரைக்காரரிடம் இரண்டு குதிரைகள் இருந்தன. சாதுவான வெள்ளைக் குதிரையில் மகனை அமர்த்தினார். நமக்கு வாய்த்தது நெற்றியில் வெண்கோடு விழுந்த செந்நிறக் குதிரை. ஓரிடத்தில் நில்லாமல் குளம்பால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தது. "இவன் கொஞ்சம் துடியானவன் ஹஜ்ரத். கெட்டவன் இல்ல. கயித்த மட்டும் இறுக்கிப் பிடிக்காதீங்க" என்றார். 'துடியானவன்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவனின் முகம் நினைவில் தோன்றியது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

அங்கவடியில் கால் வைத்து ஏறி அமர்ந்து, பயண துஆவை ஓதினோம். பேருந்திலும் ரயிலிலும் எத்தனையோ முறை ஓதிய துஆதான். இந்த வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ். நாமாக இதனை அடக்கும் ஆற்றல் பெற்றவர்கள் அல்லர் என்பது அதன் கருத்து. பேருந்து இருக்கையில் அச்சொற்கள் நாவோடு நின்றுவிடும். தொடைகளுக்குக் கீழே ஓர் உயிர் மூச்சு விடுவதை உணர்ந்துகொண்டே ஓதியபோதுதான் நம் இயலாமை நமக்கே புரிந்தது.

ஏரிச் சாலையை விட்டு விலகி, பைன் மரங்களுக்கு இடையே ஏறும் மண்பாதையில் குதிரைகள் நுழைந்தன. காய்ந்த ஊசி இலைகள் மெத்தைபோல் விரிந்து கிடந்ததால் குளம்படி ஓசைகூட அடங்கிப்போயிற்று. அமைதியான அந்தக் காட்டில் அமைதியின்றி இருந்தவர் நாம் ஒருவரே. முழங்கால்களை இறுக்கி, கயிற்றைச் சுருட்டிப் பிடித்திருந்தோம். குதிரை தலையை உதறியது, பக்கவாட்டில் நகர்ந்தது. அது உதற உதற நாம் இழுத்தோம். நாம் இழுக்க இழுக்க அது துள்ளியது.

பக்கத்திலேயே நடந்து வந்த குதிரைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க பயம் கை வழியா கயித்துக்குப் போகுது, கயித்து வழியா அவன் வாய்க்குப் போகுது. நீங்க விட்டாத்தானே அவன் விடுவான்?"

கடிவாளத்தின் இரும்பு, பற்கள் இல்லாத ஈறின்மேல் படிந்திருக்கிறது. ஓர் ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் உயிரினத்திற்கு அந்த மென்மையான இடத்தில் நம் முரட்டுக் கை என்ன வேதனை தந்திருக்கும்! பிஸ்மி சொல்லி, விரல்களைத் தளர்த்தினோம். சிறிது நேரத்தில் குதிரை தலையைத் தாழ்த்தி, நீண்டதொரு பெருமூச்சு விட்டு, சீராக நடக்கத் தொடங்கியது. மேட்டில் ஏறும்போது முன்னால் சாய்வதையும், இறக்கத்தில் குதிகாலைத் தாழ்த்திச் சற்றே பின்னால் சாய்வதையும் அவர் கற்றுத் தந்தார். நாற்பதைக் கடந்த வயதில் நாம் மீண்டும் மாணவரானோம்.

ஒரு திருப்பத்தில் குதிரை திடீரென நின்றுவிட்டது. குதிகாலால் தட்டினோம், நகரவில்லை. மீண்டும் தட்டினோம், ஓரடி பின்வாங்கியது. பழைய கோபம் தலைதூக்கியது. கயிற்றின் நுனியால் அதன் கழுத்தில் அடிக்கக் கையை ஓங்கிவிட்டோம். "வேணாம் ஹஜ்ரத்! அவன் காதைப் பாருங்க" என்று குதிரைக்காரர் தணிந்த குரலில் தடுத்தார். இரு காதுகளும் முன்னோக்கி விறைத்து நின்றன. சில கணங்களில் புதர் விலகியது. முழங்காலுக்குக் கீழே வெண்ணிறம் கொண்ட பெரியதொரு காட்டுமாடு வெளியே வந்து, நம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பாதையைக் கடந்து சரிவில் இறங்கிப் போயிற்று. ஓங்கிய கை அப்படியே நின்றிருந்தது. பின்னால் வெள்ளைக் குதிரையில் நம் மகன் இருந்தான் என்பதை நினைத்தபோது உடல் நடுங்கியது. அல்ஹம்துலில்லாஹ்!

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் ஹுதைபிய்யாவுக்கு அருகில் நபி (ஸல்) அவர்களின் ஒட்டகம் கஸ்வா மண்டியிட்டு அமர்ந்துவிட்டது. அது முரண்டு பிடிப்பதாகத் தோழர்கள் கூறினர். அது அதன் இயல்பன்று. யானைப் படையைத் தடுத்தவனே அதையும் தடுத்திருக்கிறான் என்று நபியவர்கள் விளக்கினார்கள். அந்த மகத்தான நிகழ்ச்சியோடு நம் சிறிய அனுபவத்தை ஒப்பிடுவது தகாது. எனினும், முரண்டு என்று முடிவு கட்டுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும் என்ற படிப்பினை அதில் நமக்கு உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் அடங்காத ஒட்டகம் ஒன்றில் ஏறி அதை அலைக்கழித்தபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபியவர்கள் அறிவுறுத்திய செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. இவ்விரண்டையும் நாம் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறோம்.

இனி அந்த மாணவனைப் பற்றிச் சொல்கிறோம். பத்து வயதுச் சிறுவன். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் மனனம் செய்வதை அரை மணியில் முடித்துவிடுவான். ஆனால் உட்கார மாட்டான். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னலுக்கு ஓடுவான். முதலில் கண்டித்தோம். பிறகு நம் அருகிலேயே அமர்த்தினோம். ஒருநாள் எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் அவனுடைய உள்ளங்கையில் பிரம்பால் அடித்தோம். அவன் அழவில்லை. மறுநாள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. 'அடங்காத பிள்ளை' என்று சொல்லி நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

மலையிலிருந்து இறங்கிய அதே வாரத்தில், அஸருக்குப் பின் அவன் வீட்டுக்குச் சென்றோம். தந்தை வெளிநாட்டில் இருக்கிறார். அவனுடைய கைக்குழந்தைத் தங்கை அந்த மாதங்களில் நோயுற்றிருந்ததாகவும், தாம் அடிக்கடி அவளை ஆட்டோவில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றதாகவும் தாயார் கூறினார். அந்த ஆட்டோ திரும்பி வருகிறதா என்றுதான் பிள்ளை ஜன்னலுக்கு ஓடியிருக்கிறான். நாம் ஒருநாளும் அவனிடம் ஏன் என்று கேட்டதில்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க போய் இவன்கிட்ட இப்படிக் கேக்கலாமா ஹஜ்ரத்?" என்று தாயார் பதறினார். கதவின் பின்னால் நின்றிருந்தவனிடம் குதிரைக் கதையைச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கீழ விழுந்தீங்களா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றதும் அவனுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

ஷவ்வாலில் மதரஸா திறந்த நான்காம் நாள் அவன் வந்தான். இன்றும் இடையிடையே எழுந்து ஜன்னலுக்குப் போகிறான். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறோம். பதில் சொல்லிவிட்டு வந்து அமர்கிறான். நம்மிடம் கொண்ட அச்சம் அவன் கண்களிலிருந்து முழுவதும் நீங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது. அதற்குக் காலம் எடுக்கும்.

பெற்றோர்களே, கயிற்றை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தக் குதிரைக்காரரும் விடவில்லை. வழி முழுவதும் பக்கத்திலேயே நடந்து வந்தார். ஆனால் அவர் கண் எப்போதும் குதிரையின் காதுமேல் இருந்தது. நம் வீட்டிலும் துடியான பிள்ளை ஒன்று இருக்கலாம். கை ஓங்கும் முன், அது எதைக் கண்டு நின்றது என்று ஒருமுறை பார்ப்போம்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிர்கள் குறித்து நாளை மறுமையில் வெட்கப்படாத நிலையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.