ஒரே பெயரில் இரண்டு பேர்

வாலாஜாபாத்காரர்களுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஓ, ராணிப்பேட்டை பக்கமா?" என்பார்கள். அது வாலாஜாபேட்டைங்க. அந்த ஊர் ரயில் நிலையத்தின் பெயர் வாலாஜா ரோடு. சென்னையில் சேப்பாக்கம் ஸ்டேடியம் பக்கம் போனால் அங்கே ஒரு வாலாஜா சாலை. எல்லாம் 1749 முதல் 1795 வரை ஆற்காடு நவாபாக இருந்த முகமது அலி வாலாஜாவின் பெயர். ரயில்வே இதைச் சுலபமாகச் சமாளித்துவிட்டது. எங்கள் ஸ்டேஷனின் குறியீடு டபிள்யூஜே, அவர்களுடையது டபிள்யூஜேஆர். ஒரு எழுத்து கூடுதல், அவ்வளவுதான்.

சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். நாம் வைக்கும் பெயரை நமக்கு முன்பே வேறு யாராவது வைத்திருப்பார்கள். கெர்னிகன்–ரிட்சி புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் கெட்லைன் என்று ஒரு ஃபங்ஷன் வரும். டர்போ சியில் அடித்தால் ஓடும். அதையே இன்றைய லினக்ஸில் அப்படியே ஜிசிசியிடம் கொடுத்தால் "இதே பெயரில் வேறு வகை இருக்கிறது" என்று எர்ரர் வரும். காரணம், 2008-ல் போசிக்ஸ் தரம் அதே பெயரில் ஒரு ஃபங்ஷனைச் சேர்த்துக்கொண்டது. புத்தகத்தின் இரண்டாம் பதிப்பே 1988-ல் வந்தது. முதலில் வந்தவருக்கு இடம் என்கிற பஸ் ஸீட் நியாயமெல்லாம் இங்கே செல்லாது :-)

சி++-ல் இன்னொரு வேடிக்கை. கோடு வரைவதற்காக எக்ஸ்1, ஒய்1 என்று மெயினுக்கு வெளியே வேரியபிள் வைத்து, கணித ஹெடரையும் சேர்த்தால் ஒய்1-ல் மட்டும் எர்ரர் வரும், எக்ஸ்1 தப்பித்துவிடும். ஒய்1 என்பது அந்த லைப்ரரியில் உள்ள ஒரு பெஸல் ஃபங்ஷன்! பெஸல் யாரென்று தெரியாத பையன்கூட அவரோடு மோத வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் சத்தம் போடுகிற மோதல்கள். பெயரை மாற்றினால் போச்சு. எனக்குப் பயம் சத்தமே போடாத மோதல்தான்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கன்வேயரில் போகும் பாட்டில்களை எண்ணுகிறார். மற்றவர் சென்சார் கோளாறுகளை எண்ணுகிறார். இருவருமே தங்கள் சி ஃபைலில், ஃபங்ஷனுக்கு வெளியே, ஆரம்ப மதிப்பு கொடுக்காமல் "இன்ட் கவுன்ட்" என்று எழுதிவிட்டார்கள். 2020-ல் வந்த ஜிசிசி 10-க்கு முந்தைய பதிப்புகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எர்ரர் கிடையாது. ஒரு பாட்டில் போனால் கோளாறு எண்ணிக்கையும் ஒன்று கூடும். ராத்திரி முழுக்க சென்சாரைக் கழற்றி மாட்டினாலும் தப்பு கிடைக்காது, ஏனென்றால் தப்பு சென்சாரில் இல்லை. ஜிசிசி 10 இந்தப் பழக்கத்தை விட்டதும், அதுவரை சமத்தாக இருந்த பல பழைய புரோகிராம்கள் எர்ரர் காட்டின. திட்டினார்கள். என்னைக் கேட்டால் திட்டுதான் நல்லது.

எங்கள் ஊரிலிருந்து வண்டலூர் ரோட்டில் போனால் ஒரகடம். கார், லாரி, டயர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். இன்றைய காருக்குள் பிரேக் முதல் ஜன்னல் கண்ணாடி வரை சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள். அவற்றில் பலவற்றில் ஓடுவது சி. ஆகவே கார் உலகம் பெயர் விஷயத்தில் கறார். 1998-ல் பிரிட்டிஷ் மோட்டார் துறையிலிருந்து வந்த மிஸ்ரா விதிகளின் 2012 பதிப்பில், உள்ளே வைக்கும் பெயர் வெளியே இருக்கும் பெயரை மறைக்கக்கூடாது என்றே ஒரு விதி உண்டு. ஆட்டோசார் முறையில் ஒவ்வொரு பகுதியும் தன் பெயரை முன்னால் ஒட்டிக்கொள்ளும். கேன்_இனிட், கேன்இஃப்_இனிட் என்று.

நம் இனிஷியல் மாதிரிதானே இது? வகுப்பில் மூன்று குமார் இருந்தால் எம்.குமார், எஸ்.குமார், ஆர்.குமார். சியில் நேம்ஸ்பேஸ் கிடையாது, அதனால் இனிஷியல்தான் கதி. பாட்டில்_கவுன்ட், சென்சார்_கவுன்ட் என்று வைத்தால் படிக்கிறவருக்கும் புரியும். அந்த ஒரு ஃபைலுக்குள் மட்டும் போதுமென்றால் முன்னால் ஸ்டாடிக் போட்டாலே தீர்ந்தது. சிலர் சுலபமாக ஒரு அடிக்கோட்டை முன்னால் ஒட்டி கேபிடல் எழுத்தில் ஆரம்பிப்பார்கள். வேண்டாம். அந்த மாதிரிப் பெயர்களை சி தரம் கம்பைலருக்கும் லைப்ரரிக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒரு மோதலிலிருந்து தப்பி இன்னொன்றில் விழுவீர்கள்.

மாற்றும்போது ஃபைண்ட்–ரீப்ளேஸை கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். கவுன்ட்டை மாற்றப் போனால் டிஸ்கவுன்ட், அக்கவுன்ட் எல்லாவற்றுக்குள்ளும் பாட்டில் புகுந்துவிடும். முழுச் சொல்லை மட்டும் தேடு என்ற டிக்கை முதலில் போடுங்கள். லேபில் இன்னும் பழைய ஜிசிசிதான் என்றால், கம்பைல் செய்யும்போது -எஃப்நோ-காமன் என்ற ஆப்ஷனையும் சேர்த்துப் பாருங்கள். அதுவரை வாயே திறக்காத லிங்கர் பேச ஆரம்பிக்கும்.