குளிர்நாட்டு டயரும் மலைநாட்டுப் பாதையும்

பனி பொழியாத நாட்டிலே பனிக்கால டயர் தேடுவோரும் உளர். விரைவூர்தி ஒன்றை உடைமையாகப் பெற்றவர், 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் விடியற்குளிர் எலும்பைத் துளைக்கும்போது, ஐரோப்பியர் மாரியிற் பூட்டும் டயரே தமக்கும் ஏற்றதென எண்ணுதல் இயல்பே. ஆயின் குளிரை உணர்வது மனிதனின் தோல். பாதையைப் பற்றுவது இறப்பர். இரண்டும் ஒரே அளவுகோலாற் குளிரை அளப்பதில்லை.

பின்லாந்து நாட்டின் நொக்கியா நகரத்து இறப்பர் ஆலை, உறைபனிப் பாதைக்கென லொறி டயரை உருவாக்கியது 1934ஆம் ஆண்டில். நுவரெலியாவின் மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பாதையில் மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் தொடங்கியதும் அதே ஆண்டில். ஒன்றையொன்று அறியாது பிறந்த இவ்விரண்டும் இன்றுவரை ஒன்றுக்கொன்று தேவைப்படவில்லை.

காரணம் எளிது. கோடைகால டயரின் இறப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். இறுகிய இறப்பர் பாதையின் நுண்ணிய மேடுபள்ளங்களுட் புகுந்து பிடிக்காது, அவற்றின்மேல் வழுக்கும். குளிர்கால டயரோ கடுங்குளிரிலும் நெகிழ்ந்திருக்குமாறு கூட்டப்பட்டது. (அதில் இயற்கை இறப்பரின் பங்கு கூடுதல், வெப்பநிலத்து மரத்தின் பால் வடபுலத்து உறைபனிக்கு உதவுவது சுவையானதே.) நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகை. தை, மாசி விடியல்கள் சிலவற்றில் உறைபனி படிந்து கொழுந்து கருகுவதுண்டு. வெயிலேறியதும் அது மறையும். அச்சில மணிநேரத்தை நினைந்து ஆண்டு முழுவதும் மென்மையான டயரில் ஓடுபவரின் ஊர்தி வளைவுகளில் நெளியும்; டயரும் விரைந்து தேயும். ஹட்டன் இன்னுந் தாழ்ந்தது. அங்கே இக்கேள்விக்கே இடமில்லை.

மலைநாட்டின் மெய்யான பகை மழைநீர். வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாச் சரிவுகளை ஓயாது நனைக்கும். மாகஸ்தோட்டைப் பந்தயம் நிகழும் சித்திரை வசந்தகாலத்திலோ, காலை வெயில் பிற்பகலில் இடிமழையாக மாறுவது வழக்கம். பந்தயத்துக்கென அமைந்த வரிப்பள்ளமற்ற டயர் உலர்ந்த தரையில் நிகரற்றது. எனினும் சூடேறினாலன்றி அது நன்கு பிடியாது. சுற்றுப் பந்தயத்தில் அதற்கு அவகாசம் உண்டு. மலையேற்றமோ டயர் சூடேறுமுன் முடிந்துவிடுகின்றது. எனவே குறைந்த சூட்டிலும் பற்றும் மென்கலவை ஒன்றும், மழைக்கெனப் பள்ளம் வெட்டிய மற்றொன்றும் என இருவகை டயர்கள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

மழைநாளிற் காற்றைக் குறைத்தாற் பிடிப்புக் கூடுமென்பார் பலர். தேங்கிய நீரைப் பொறுத்தவரை இது ஆபத்தான நம்பிக்கை. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் 1960களில் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து, நீரின்மேற் சக்கரம் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப உயருமெனக் கண்டனர். அக்கணக்கின்படி சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தல் அழுத்தத்தில் அவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். 25 இறாத்தலில் 83 மாத்திரமே. வரிப்பள்ளம் தேய்ந்த டயர் மெல்லிய நீர்ப்படலத்திலும் மிதக்கும். ஐரோப்பியச் சட்டம் 1.6 மில்லிமீற்றர் ஆழம்வரை பொறுத்துக்கொள்கிறது. மலைப்பாதை அவ்வளவு பொறுமையுடையதன்று.

ஏறுவோர் வேகத்துக்காகத் தேடும் பிடிப்பை இறங்குவோர் உயிருக்காகத் தேடுகின்றனர். ரதெல்லையும் மலையேற்றப் பந்தயத்தாற் பெயர்பெற்ற இடமே. அங்குள்ள நானுஓயாக் குறுக்குப் பாதையில் 2023 சனவரி 20ஆம் நாள் பேருந்தொன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் எழுவர் மாண்டனர். பேருந்தின் பிரேக் செயலிழந்ததாகக் கூறப்பட்டது. பிரேக் செவ்வனே இயங்கினாலும் அது நிறுத்துவது சக்கரத்தின் சுழற்சியை மட்டுமே. ஊர்தியை நிறுத்துவது, உள்ளங்கையளவே தரையைத் தொடும் டயர்.

பந்தய நாளில் ஒரே ஊர்திக்கெனப் பாதையோரத்தில் டயர்கள் வகைவகையாக அடுக்கப்படுகின்றன. வானத்தைப் பார்த்து மாற்றிப் பூட்டுகின்றனர். ஆரவாரம் ஓய்ந்தபின் அந்த மலைச்சரிவுகளிற் கொழுந்து லொறிகள் இறங்குகின்றன. வெயிலானாலும் மழையானாலும் அவற்றுக்கு உள்ளது ஒரே வகை டயர்தான். அதன் பள்ளம் எவ்வளவு எஞ்சியிருக்கிறதென்று குனிந்து பார்ப்பவர் எவருமில்லை.