இருபது கஜத்துக்குள்

கொலராடோ மாநிலத்தின் மேற்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருக்கிறது அந்த வில் பட்டறை. கார் கொட்டகையைத்தான் பட்டறையாக்கியிருக்கிறார்கள். தரை முழுக்க மஞ்சள் நிற மரச்சீவல். நான் போனது ஆகஸ்ட் கடைசியில். செப்டம்பர் பிறந்தால் எல்க் மான்களுக்கான வில் வேட்டைப் பருவம். வில் செய்யும் பெரியவருக்கும் அம்பு கட்டும் அவர் மனைவிக்கும் தலை நிமிர நேரமில்லை.

மரம் ஓசேஜ் ஆரஞ்சு. பெயரில்தான் ஆரஞ்சு, உண்மையில் பலா, முசுக்கொட்டைக் குடும்பம். வைரத்தின் நிறமும் பலாப்பலகை போலவே இருக்கிறது. டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா மாநிலங்கள் சந்திக்கும் ரெட் ஆற்றுப் பகுதி இதன் தாயகம். முள்கம்பி புழக்கத்துக்கு வருவதற்கு முன், 19ஆம் நூற்றாண்டில், சமவெளி விவசாயிகள் இதை உயிர்வேலியாக நட்டார்கள். அந்த வேலி மரங்களை வெட்டும்போது கிடைக்கும் கட்டைகளைப் பிளந்து, முனைகளில் பசை பூசி, நிழலில் மாதக்கணக்கில் உலர விடுகிறார் பெரியவர்.

வேலையின் உயிர் வில்லின் முதுகில் இருக்கிறது. பட்டையையும் வெண்மரத்தையும் நீக்கிய பிறகு, ஒரே ஓர் ஆண்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டு முனைக்கு முனை போக வேண்டும். நடுவில் வளையம் அறுபட்டால் வில் அந்த இடத்தில் முறியும். இருபுறமும் கைப்பிடி உள்ள சீவுகத்தியை அவர் தன் பக்கமாக இழுக்கும்போது காதைக் கொடுத்துக் கேட்டால் போதும். வளையங்களுக்கு நடுவிலுள்ள மென்மையான அடுக்கில் கத்தி கரகரக்கிறது. கெட்டி வளையத்தைத் தொட்டதும் சத்தம் அடங்கி, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கணு வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அதைச் சுற்றி அரத்தால் மெல்ல ராவுகிறார்.

அடுத்தது வளைவைச் சரிபார்ப்பது. சுவரில் பதித்த தாங்கியில் வில்லை மாட்டி, கப்பி வழியே கயிற்றை இழுத்து, தள்ளி நின்று பார்க்கிறார். விறைப்பாக நிற்கும் இடத்தில் உட்புறமாக நாலைந்து சுரண்டல், மறுபடி இழுப்பு. கடைசியில் எத்தனை பவுண்டு வில் வேண்டுமோ, அந்த விசைக்கு மேல் ஒரு தடவைகூட இழுப்பதில்லை.

வில் வாங்க வந்த இளைஞர் ஒருவர் 65 பவுண்டு கேட்டார். “50 போதும் தம்பி” என்கிற தொனியில் தலையாட்டினார் பெரியவர். மாநிலச் சட்டம் கேட்பது குறைந்தது 35 பவுண்டுதான். பத்தாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்க ஏறி, குளிரில் மண்டியிட்டு, மான் திரும்பும்வரை நாணைப் பிடித்திருக்க முடியாத வில் எதற்கு என்பது அவர் கேள்வி.

அந்த அம்மாவின் மேசை மணக்கிறது. ஓரிகன் கடலோரத்து போர்ட் ஆர்ஃபர்ட் சிடார் குச்சிகள் செய்யும் வேலை அது. குச்சி எவ்வளவு வளைகிறது என்று கருவியில் வைத்துப் பார்த்து, ஒரே மாதிரி வளைபவற்றைச் சேர்த்துக் கட்டுகிறார். வில்லோடு ஒத்துப்போகாத குச்சி விலகிப் பறக்கும். வான்கோழி இறகு மூன்று. இரும்பு முனை குறைந்தது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 22 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது சட்டம். கை ரோமத்தை மழிக்கும் கூர்மை வேண்டும் என்பது அவர் சட்டம். 50 பவுண்டு வில்லுக்கு 32 கிராமுக்குக் குறையாத அம்பு. முன்னூறு கிலோ ஆண் மானின் விலா எலும்பைத் தாண்ட வேகத்தைவிட எடையே உதவும்.

அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் இந்தக் கலை மறுபடி பரவியதற்குப் பின்னால் ஒரு பழங்குடி மனிதர் இருக்கிறார். யாஹி இனத்தின் கடைசி மனிதரான இஷி 1911இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் வில் கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் 1923இல் எழுதிய நூல் பலரைக் காட்டுக்கு அனுப்பியது. 1969இல் கப்பி வைத்த காம்பவுண்டு வில்லுக்குக் காப்புரிமை கிடைத்த பிறகு பெரும்பாலானோர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மர வில்காரர்களுக்கு மிஞ்சியது இருபது கஜம். அதற்கு அப்பால் நிற்கும் மானை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அம்பு எடுப்பதில்லை.

இருபது கஜம் நெருங்குவதற்குக் காற்றுதான் முதல் பாடம். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழிறங்கும். வெயில் ஏறியதும் மேலெழும். மாலையில் மீண்டும் இறங்கும். மனித வாடை மானை எட்டக் கூடாது என்பதால் காலையில் மானுக்குக் கீழே, வெயில் ஏறிய பிறகு மானுக்கு மேலே இருக்கப் பார்க்கிறார்கள். காற்றின் திசை பார்க்கச் சட்டைப்பையில் மாவுப்பொடிக் குப்பி. நொடிக்கொரு தரம் ஒரு பீச்சு. செப்டம்பர் இணைசேரும் பருவம் என்பதால், பெண் மான் குரலை ஊதி ஆணை அழைக்கலாம். ஊதுபவர் வில்காரருக்கு நாற்பது ஐம்பது கஜம் பின்னால் உட்கார வேண்டும். குரல் வந்த இடத்தைத் தேடி வரும் மான் வில்காரரைத் தாண்டித்தானே போக வேண்டும்!

மானின் கண் மரத்துக்குப் பின் மறையும்போது நாணை இழுக்க வேண்டும். நேருக்கு நேர் நிற்கும் மானை விட்டுவிட வேண்டும். பக்கவாட்டில், முன்னங்கால் முன்னே நீண்டிருக்கும்போது, தோளுக்குப் பின்னால் எய்ய வேண்டும். அம்பு பட்டதும் ஓடக் கூடாது. தரையில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். பச்சையாகக் கலங்கியிருந்தால் குடல். பல மணி நேரம் பொறுக்கத்தான் வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் அடிபட்ட மான் எழுந்து மைல் கணக்கில் போய்விடும்.

உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவருவது கொலராடோவில் குற்றம். செப்டம்பர் பகல் சூடு இறைச்சியைச் சீக்கிரம் கெடுத்துவிடும் என்பதால் உடனே தோலுரித்து, கால்களைத் தனித்தனியாகப் பிரித்து, காற்றோட்டமான துணிப்பையில் நிழலில் தொங்கவிடுகிறார்கள். எலும்பு நீக்கினாலும் ஓர் ஆண் மானில் நூறு கிலோ அளவுக்குத் தேறும். முதுகுச்சுமையாகத் தனியாளுக்கு நாலைந்து நடை. அதனால் அந்த இளைஞரிடம் பெரியவர் கடைசியாகச் சொன்னது வில்லைப் பற்றியல்ல: வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை மைல் உள்ளே போகிறாய், சுமக்க யார் வருகிறார்கள், குதிரைக்காரரிடம் பேசிவிட்டாயா?