வீட்டில் இருப்பவர் யார்?

அரபு மொழியில் 'ஹீலா' என்றொரு சொல் உண்டு. தந்திரம், உபாயம் என்று அதற்குப் பொருள் கூறுவர். அதன் பன்மை 'ஹியல்'. கி.பி. 850ஆம் ஆண்டு வாக்கில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களான முஹம்மத், அஹ்மத், ஹஸன் ஆகிய மூவரும் தாம் இயற்றிய பொறிநூலுக்கு 'கிதாபுல் ஹியல்' என்றே பெயரிட்டனர். ஏறத்தாழ நூறு கருவிகளை விளக்கும் அந்நூலில், நீர் குறையும்போது தானே திறந்து, நிறையும்போது தானே மூடிக்கொள்ளும் அமைப்புகள் உள. தன் திரியைத் தானே முன்தள்ளிக்கொள்ளும் விளக்கும் உண்டு.

நம் வீட்டு ஏ.சி.க்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே. உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தை ஒரு சிறு உணரி அளக்கிறது. நாம் குறித்த அளவுக்கு அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நிற்கிறது. இன்வெர்ட்டர் வகையாயின் வேகம் தணிகிறது. அறை ஏ.சி.கள் 24 டிகிரியிலேயே இயங்கத் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பதும் அரசுத் தரப்பின் கணக்கு. இரண்டு மாதத்துக்கொருமுறை மின்கட்டணத்தைக் கண்டு திகைக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியன்று.

வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, ஊரப்பாக்கத்தில் நாம் குடியிருக்கும் அடுக்ககத்திலும் இப்பொழுது இக்கலை ஒரு படி மேலேறிவிட்டது. நம்முடன் வசிக்கும் தம்பி கணினித் துறையில் பணிபுரிபவர். விளக்கு, விசிறி, ஏ.சி. அனைத்தையும் ஒரே செயலியில் இணைத்தார். ஏ.சி.க்கெனக் கூடத்தில் ஒரு சிறு கருவி. ரிமோட் அனுப்பும் அதே அகச்சிவப்புக் கதிரை அது வைஃபை வழியே வரும் கட்டளைக்கேற்ப அனுப்பும். ஆனால் அது பேசுமேயன்றிக் கேளாது. யாரேனும் ரிமோட்டை எடுத்து 20 என்று மாற்றினால், செயலியோ 26 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இது வேடிக்கை. வேடிக்கையல்லாதது வேறொன்று. எல்லாக் கைப்பேசிகளும் வீட்டை விட்டு அகன்றால் ஏ.சி. தானே நின்றுவிட வேண்டும் என்பது தம்பி அமைத்த ஏற்பாடு. ரிமோட் இனித் தேவையில்லை என்று அலமாரியில் ஏறிவிட்டது. கத்திரி வெயில் நாளொன்றில் அவரவர் வேலையாக அனைவரும் வெளியே சென்றோம். எழுபத்தெட்டு வயதான உம்மா மட்டும் உறங்கிக்கொண்டிருந்தார். கைப்பேசி அவருக்கு என்றுமே இருந்ததில்லை. கடைசிக் கைப்பேசி வாயிலைக் கடந்ததும் ஏ.சி. நின்றது. ஓட்டம் விட்டிருந்த விசிறியும் அதனோடு நின்றது. நாம் திரும்பியபோது சன்னல்கள் அடைத்த அறையில் வியர்வை வழிய, தலைப்புடவையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஊட்டுக்குள்ள நான் ஒருத்தி இருக்கேன்னு அதுக்குத் தெரியாதா வாப்பா?" என்று நம்மைக் கேட்டார்.

"கைப்பேசியைத்தான் அது கணக்கு வைக்கும் காக்கா" என்றார் தம்பி, தலைகுனிந்தவாறு.

விளக்கம் சரியே. பனூ மூஸாவின் மிதவை நீரைத் தொட்டறிந்தது. ஏ.சி.யின் உணரி காற்றைத் தொட்டறிகிறது. செயலி தொட்டறிவது மனிதரையன்று, அவர் கையிலுள்ள பொருளை. பாட்டிமாரும், குழந்தைகளும், வீட்டுவேலைக்கு வரும் பெண்களும் அதன் பார்வையில் இல்லாதவர்கள். அதிகாரமோ செயலியைப் பதிவு செய்தவரிடம். அவர் துபாயிலிருந்தும் நம் அறையை நடுங்க வைக்கலாம். அறைக்குள் இருப்பவர் அவரை அழைத்துக் கெஞ்ச வேண்டும். இவ்வமைப்பை நாம் ஏற்பதற்கில்லை.

நடுவே நிற்கும் நிறுவனத்தின் விருப்பமும் இதில் அடங்கியுள்ளது. 2011இலும் 2012இலும் வெளிவந்த முதலிரு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கு, 2025 அக்டோபர் 25 முதல் செயலித் தொடர்பை கூகுள் நிறுத்திக்கொண்டது. சுவரிலிருக்கும் வளையத்தைக் கையால் திருப்பினால் அவை இன்றும் இயங்கும். அந்த வளையத்தை வைத்தவர் வாழ்க.

ரிமோட் இப்பொழுது உம்மாவின் கட்டில் காலில் நாடா கட்டித் தொங்குகிறது. வெளியே செல்கையில் நிறுத்தும் ஏற்பாட்டைத் தம்பி நீக்கிவிட்டார். மூச்சின் சிறு அசைவைக் கொண்டே ஆளிருப்பதை அறியும் உணரி ஒன்று உண்டு, வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். உம்மா கேட்டது அதன் விலையை மட்டுமே. விலையைச் சொன்னதும், ரிமோட்டுக்கு பேட்டரி வாங்கி வரச் சொல்லிவிட்டார்.