ஒரு லெஃப்ட் அவுட்டைக் கொடுத்து ஒரு ஹாஃபை வாங்கினேன்

ராயபுரத்தில் ஃபுட்பால் டீம் நடத்துகிறவன் காலண்டரில் இரண்டு தேதிகளைச் சுழித்து வைத்திருப்பான். ஏப்ரல் 15, ஜூன் 14. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் நாளும் முடியும் நாளும். அந்த 61 நாளும் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். படகில் போகிற பையன்கள் கரையில் இருப்பார்கள். காலை பிராக்டிஸுக்கு இருபத்தைந்து பேர் வந்து நிற்பார்கள். தடை முடிந்த மறுநாள் எண்ணினால் பதினான்கு. லெஃப்ட் அவுட் கடலில், பேக் கடலில், கோலி எங்கேயோ படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பான். மீதிப் பேரில் பாதி, எண்ணூர் திருவொற்றியூர் பக்கத்து ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் மாறினால் டீமும் மாறும். பலகையில் ஃபார்மேஷன் வரைவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒரு வருஷம் எங்கள் பிரச்சினை கோல். ஆறு ஆட்டத்தில் இரண்டே கோல், அதில் ஒன்று பெனால்டி. பின்வரிசை நன்றாகத்தான் நின்றது. 0-1, 0-1 என்று தோற்றோம். கல்மண்டபத்து டீக்கடையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: "நல்ல சென்டர் ஃபார்வர்டா ஒருத்தன புடி மாஸ்டர்." நானும் அப்படித்தான் நினைத்து இரண்டு மாதம் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை என்று மைதானம் மைதானமாக அலைந்தேன். கோல் அடிக்கிற பையன்கள் கிடைத்தார்கள். ஆனால் அவர்களை விடுவிக்க எந்த டீம் தயார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வேறு ஒரு வேலை செய்தேன். சின்ன நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, எங்கள் ஃபார்வர்டுக்குப் பந்து வந்த ஒவ்வொரு தடவையும் மூன்று விஷயத்தைக் குறித்தேன்: எந்த இடத்தில் வந்தது, அவன் முகம் எந்தப் பக்கம், மேலே எத்தனை பேர். மொத்தம் பத்தொன்பது தடவை. அதில் பதினாறு தடவை கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லைன் ஓரத்தில், இரண்டு பேர் மேலே விழுந்த நிலையில் வாங்கியிருந்தான். முகம் கோலைப் பார்த்து வாங்கியது மூன்று தடவை. அந்த மூன்றில் ஒன்று போஸ்டில் பட்டது, ஒன்றை எதிர் கோலி பறந்து தட்டிவிட்டார். பையன் மேல் எந்தக் குறையும் இல்லை. பந்தும் அவனும் ஒழுங்காகச் சந்திக்கவே இல்லை.

இதைச் சொல்லும்போது சென்னையின் எஃப்சியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2018 மார்ச் 17, பெங்களூரு மண்ணில் பெங்களூருவை 3-2 என்று வென்று ஐஎஸ்எல் கோப்பையை இரண்டாவது தடவை தூக்கினார்கள். அந்த மூன்றில் இரண்டு கோலைத் தலையால் அடித்தவர் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸ். அந்த சீசனில் ஃபார்வர்டு ஜெஜெ ஒன்பது கோல் அடித்தார். நடுவில் பந்தைப் பிடுங்கி நிமிர்த்திக் கொடுக்கிற வேலையைப் பார்த்தவர்களில் ஒருவர் எங்கள் வடசென்னைப் பிள்ளை, வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் அவரே ஒரு கோலும் போட்டார். அடுத்த சீசனில் நடுக்களத்தில் சிலர் விலகினார்கள், கணேஷுக்கு முழங்கால் காயம். ஜெஜெ மட்டும் அதே ஜெஜெ. அந்த லீக்கில் அவர் அடித்தது ஒரே கோல். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, பத்து டீமில் பத்தாவது இடம். சாம்பியன் டீம் ஒரே வருஷத்தில் அடித்தட்டுக்குப் போனதைப் பெரியமேடு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுற்றிலும் எல்லாரும் ஜெஜெயைத்தான் திட்டினார்கள்.

அதற்கடுத்த 2019-20இல் லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ என்று புது ஆட்கள் வந்தார்கள். முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. டிசம்பரில் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்தார். முன்வரிசையில் ஆட்கள் அதே ஆட்கள்தான். ஆனால் கிரிவெல்லாரோவிடம் பந்து போய்ச் சேர வழி பிறந்தது. அவரிடமிருந்து வால்ஸ்கிஸுக்கு ஓட ஓடக் கிடைத்தது. வால்ஸ்கிஸ் 15 கோலோடு லீக்கின் முதல் வரிசைக்குப் போனார், டீம் ஃபைனலுக்கே போய்விட்டது. பிறகு காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். சென்னை அடுத்த சீசனில் 20 ஆட்டத்தில் அடித்தது 17 கோல்.

இதே பாடத்தை இன்னொரு ஆட்டத்திலும் பார்த்தேன். அமெரிக்காக்காரர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டம் வேறு. கையில் பிடித்து ஓடுகிற ஆட்டம். இரவில் தூக்கம் வராத காலத்தில் அதைப் பார்க்கப் பழகினேன். அதில் பந்தை எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பெரிய ஆட்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். பந்தை எறிகிறதும் பிடிக்கிறதும் அவர்கள் வேலை இல்லை. எறிகிறவன் கண்ணைத் தூக்கிப் பார்க்க இரண்டு மூன்று நொடி வாங்கித் தருவதுதான் வேலை. ஹூஸ்டன் டெக்சன்ஸ் என்ற டீமில் 2018 சீசனில் அந்தச் சுவர் ஓட்டையாகி, எறிகிற ஆள் 62 தடவை கையில் பந்தோடு மண்ணில் சாய்க்கப்பட்டார். அடுத்த ஆகஸ்டில் அவர்கள் சுவருக்கு ஒரே ஒரு ஆளை, லாரமி டன்சிலை, மயாமியிடமிருந்து வாங்கினார்கள். அதற்காக வரப்போகும் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற முதல் சுற்று உரிமைகள் இரண்டையும் இன்னொரு இரண்டாம் சுற்று உரிமையையும் கொடுத்தார்கள். அநியாய விலை என்று பலர் சொன்னார்கள். அந்த சீசனில் 62 என்பது 44 ஆனது. அதைப் படித்த அன்றைக்குத்தான் என் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எங்கள் டீமில் நொடி வாங்கித் தருகிற ஆள் யாரும் இல்லை.

திருவொற்றியூரில் ஒரு மாலை. மழை விட்டு மைதானத்தின் ஒரு பக்கம் சேறு. நான் பார்க்கப் போனது இன்னொரு ஃபார்வர்டை. கண் போனது சின்ன உருவமாக, சாக்ஸ் இறங்கிக் கிடந்த, நடுக்களத்தில் ஆடுகிற ஹாஃப் ஒருவன் மேல். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. வந்த பந்தை இடது பாதத்தின் உள்பக்கத்தில் மெதுவாக ஏற்று, அதே அசைவில் திரும்பிவிடுவான். அவனைத் தள்ள வந்தவன் காற்றைத் தள்ளினான். அதற்குள் பந்து ஃபார்வர்டின் முன்காலுக்குப் போயிருக்கும், நிற்காமல் ஓடி எடுக்கிற மாதிரி. நாற்பது நிமிஷத்தில் அவன் கோல் பக்கம் ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. ஒரு பாஸ்கூட ஃபார்வர்டின் முதுகுக்குப் பின்னால் போகவில்லை. ஆட்டம் முடிந்து கை தட்டியவர்கள் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

எங்கள் மட்டத்தில் ஆட்டக்காரனை வாங்குவது விற்பது என்றால் பணம் கொஞ்சம்தான்: ஒரு ஜோடி பூட்ஸ், பஸ் காசு, ஆட்டத்துக்கு முந்தின நாள் முட்டை, பால். ஆனால் பழைய டீம் விடுவித்துக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்த டீம் செயலாளர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "உங்க லெஃப்ட் அவுட்ட குடுங்க."

எங்கள் லெஃப்ட் அவுட் பதிமூன்று வயதில் என்னிடம் வந்தவன். வெறுங்காலோடு வந்தான். டீமில் வேகம் என்றால் அவன்தான். பெண்கள்கூட மாடியிலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆனால் பந்தை வாங்கினால் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவான். அவனுக்கும் ஃபார்வர்டுக்கும் நடுவில் எங்கள் தாக்குதல் முழுக்கச் செத்துப்போனது. நான்கு இரவு யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டேன்.

கமிட்டியில் ஒருவர், "போன்ல சொல்லிடுங்க மாஸ்டர், நேர்ல போனா அழுவான்" என்றார். நேரில் போனேன். காசிமேட்டில் வலை பொத்திக்கொண்டிருந்தான். கால் கட்டைவிரலில் வலையை இழுத்து மாட்டி, ஊசியை உள்ளே விட்டு முடிச்சுப் போட்டபடியே கேட்டான். சொல்லி முடித்ததும் ஊசி நின்றது.

"நான் இன்னா தப்பு பண்ணேன் மாஸ்டர்?"

"தப்பு உன்னுது இல்லடா. உன்ன மாதிரி ஆளு அங்க வேணும், அவன மாதிரி ஆளு இங்க வேணும்."

"அப்ப நான் வேணாம்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருட்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் மீதி முடிச்சுகளைப் போட்டு முடித்தான்.

புது ஹாஃப் வந்த முதல் மூன்று ஆட்டத்திலும் கோல் இல்லை. எங்கள் பையன்கள் அவனுக்குப் பந்தே கொடுக்கவில்லை. லெஃப்ட் அவுட் அண்ணன் இடத்தைப் பிடித்தவன் என்ற கோபம். இன்னொரு பக்கம், எண்ணூரில் அவன் வேலை பார்த்த இடத்தில் நைட் ஷிஃப்ட். விடிய விடிய வார்ப்பு இறக்கிவிட்டுத் தூங்காமல் மூன்று மணி ஆட்டத்துக்கு வந்து நிற்பான். நாலாவது ஆட்டத்துக்கு முன்னால் மேஸ்திரியைப் போய்ப் பார்த்து, சனிக்கிழமை ராத்திரி மட்டும் பகல் ஷிஃப்டாக மாற்றித் தரக் கேட்டேன். மாற்றித் தந்தார். அந்த ஞாயிறு அவன் தூங்கி எழுந்து வந்து ஆடினான். ஃபார்வர்டு இரண்டு கோல் போட்டான். நோட்டில் பார்த்தால் அன்றைக்கு முகம் கோலைப் பார்த்து வாங்கியது பதினொரு தடவை. மீதி ஐந்து ஆட்டத்தில் ஏழு கோல். கோப்பை ஒன்றும் வரவில்லை, கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்தோம்.

லெஃப்ட் அவுட் அங்கே நன்றாக ஆடுகிறான். அவர்களிடம் அவனுக்குப் பின்னால் ஓடி மூடுகிற பேக் இருக்கிறான். எதிரெதிரே ஆடின நாளில் ஆட்டம் முடிந்து வந்து என் காலைத் தொட்டான். பேசவில்லை.

டீம் நடத்துகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கோல் விழவில்லை என்றால் ஃபார்வர்டைத் தேடிக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு முழு ஆட்டம் நோட்டோடு உட்காருங்கள். ஒரு பையனை விடுவிக்கிற கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்றால், அதற்கு முந்தின நாள் அவன் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.