செவி கொடுத்த பாடகர்

1980-களின் இறுதியில் நாம் இளங்குருமடத்தில் பயின்றபோது, விடுமுறை முடிந்து திரும்பிய நண்பர் ஒருவர் ஒலிநாடா ஒன்றைக் கொண்டுவந்தார். அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1986-இல் வெளியிட்ட 'கிரேஸ்லேண்ட்' அது. இரவு உணவுக்குப் பின் கிடைத்த சிறு ஓய்வில் அதனைக் கேட்டோம். ஆங்கிலம் பாதியே விளங்கிற்று. ஆயினும் அதனூடே ஒலித்த சூலு மொழிக் குரல்கள் நெஞ்சைப் பற்றிக்கொண்டன. அன்று பிறந்த பற்று, தலை நரைத்த இந்நாள்வரை நீங்கவில்லை.

1941-இல் பிறந்த சைமன், ஆர்ட் கார்ஃபங்கலுடன் இணைந்து பாடி 1960-களில் பெரும்புகழ் பெற்றார். 1970-இல் அவ்விணை பிரிந்தது. பெற்ற புகழில் அவர் தங்கிவிடவில்லை. தாமே பாடல் இயற்றி, தாமே பாடி, ரெகே இசையைத் தேடி ஜமைக்காவுக்குச் சென்றார். கறுப்பினக் கிறிஸ்தவர்களின் ஆலயப் பாடல் மரபில் ஊறிய குழுவினரோடு பாடினார். பிரேசில் நாட்டு முரசுக் கலைஞர்களோடு சேர்ந்து 1990-இல் மற்றொரு தொகுப்பைத் தந்தார்.

இந்தப் பற்றினுள் ஒரு முள்ளும் உண்டு. 1985-இல் அவர் ஜோகன்னஸ்பர்க் சென்றபோது, நிறவெறி அரசுக்கு எதிராக ஐ.நா. அறிவித்த பண்பாட்டுப் புறக்கணிப்பு நடைமுறையில் இருந்தது. அதனை மீறினார் என்று பலர் அவரைக் கண்டித்தனர். அவரோ அங்குள்ள கலைஞர்களுக்கு நியூயார்க் ஊதியத்தைப்போல் மும்மடங்கு வழங்கினார். பாடலை உடன் ஆக்கியோரின் பெயர்களைத் தம் பெயரோடு பொறித்தார். ஜோசப் ஷபலாலாவின் 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' குழுவை உலகம் பரவலாக அறிந்தது அதன் பின்னரே. தாயகம் துறந்து வாழ்ந்த மிரியம் மக்கேபாவும் ஹியூ மசகேலாவும் 1987-இல் அவரோடு மேடையேறினர். எனினும், ஒடுக்கப்பட்டோர் வேண்டிய புறக்கணிப்பைத் தம் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஒருவர் மீறலாகாது என்றே நாம் கருதுகிறோம்.

இவ்வாறு தீர்ப்புச் சொல்ல எழும் நம் நாவை ஒரு நினைவு அடக்குகிறது. நமது முதற்பங்கில் ஏழைப் பெண்கள் பாடிய கும்மி மெட்டொன்றைக் கேட்டு, அதனைக் காணிக்கைப் பாடலாக அமைத்தோம். பாடல் ஏட்டில் 'மெட்டு' என்ற இடத்தில் நமது பெயரே அச்சாயிற்று. முதிய தாய் ஒருவர் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது எங்க ஆத்தா பாடுன மெட்டுல்ல, சாமி?" என்றார். அச்சொல்லில் சினம் இல்லை. நாம் தலைகுனிந்தோம். அடுத்த பதிப்பில் திருத்தினோம்; முதற்பதிப்பின் பிரதிகள் இன்றும் சில கோவில்களில் புழங்குகின்றன. சைமன் அக்கலைஞர்களுக்குச் செய்த ஒன்றை, குருவாகிய நாம் செய்யத் தவறினோம்.

'ஏழு திருப்பாடல்கள்' என்னும் பெயர் 2019 சனவரியில் தமக்குக் கனவில் வந்ததாகச் சைமன் கூறியுள்ளார். இறைவனைக் குறித்த ஐயமும் வியப்பும் கலந்த அப்படைப்பு 2023 மே மாதம் வெளிவந்தது. இடைநிறுத்தமின்றி 33 நிமிடங்கள் ஒலிப்பது. அதனை உருவாக்கும் காலத்திலேயே அவரது இடச்செவி கேட்கும் திறனைப் பெரிதும் இழந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் இசைக்குச் செவி கொடுத்தவருக்கு நேர்ந்த இழப்பு இது! ஆயினும் 81-ஆம் அகவையில் அதனை நிறைவு செய்தார். 2025-இல் மீண்டும் மேடையேறினார்.

நாள்தோறும் திருப்பாடல்களைச் செபிக்கும் நமக்கு இரு செவிகளும் நலமே. ஆனால் வருவோர் பேசி முடிக்குமுன் அறிவுரை தொடங்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. சில இரவுகளில் செபம் முடித்தபின் அந்த 33 நிமிடங்களையும் குறுக்கிடாது கேட்கிறோம். மறுநாள் பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நிற்பவரையும் அவ்வாறே கேட்க இறைவன் அருள்வாராக.