கோயபல்ஸ் தேடிய உண்மை

நம் மேடைகளில் கூசாமல் பொய் சொல்பவருக்குக் கோயபல்ஸ் என்றே பட்டம். ஹிட்லரின் பிரசார அமைச்சரான அந்தக் கோயபல்ஸே ஒரு கொலை வழக்கில் உண்மை வெளிவர வேண்டுமென்று துடித்தால்? ஃபிலிப் கெர் எழுதி 2013-இல் வந்த ‘எ மேன் விதவுட் ப்ரெத்’ துப்பறியும் நாவலை விளக்கணைக்க மனமில்லாமல் படித்ததற்கு இந்த விபரீதம்தான் காரணம்.

1943. ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை தோற்றுச் சில வாரங்களே ஆகின்றன. ஸ்மோலென்ஸ்க் அருகே, கத்தின் காட்டில் மனித எலும்பு கிடைக்கிறது. விசாரிக்க வருபவர் பெர்னி குந்தர்: பழைய பெர்லின் போலீஸ்காரர், நாஜிகளைக் கண்டாலே ஆகாது, சம்பளம் மட்டும் அவர்களிடம். ஹிட்லரின் ராணுவத்திலிருந்த போர்க்குற்ற விசாரணைப் பிரிவில் வேலை. அப்படியொரு பிரிவு நிஜமாகவே இருந்தது!

புதைந்து கிடப்பவர்கள் போலந்து ராணுவ அதிகாரிகள். கொன்றது ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் என்பது நமக்கு முன்பே தெரியும். 1940-இல் அங்கும் பிற இடங்களிலுமாகக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 22,000 பேர். கொலையாளி தெரிந்தும் சுவை குறையவில்லை. வரலாறு விட்டுவைத்த தடயங்கள் அப்படி. சட்டைப்பைகளில் இருந்த நாட்குறிப்புகளும் செய்தித்தாள்களும் 1940 வசந்தத்தோடு நின்றுவிடுகின்றன; ஜெர்மானியர் அங்கே வந்ததோ 1941 கோடையில். குழிகளின்மேல் நட்ட பைன் கன்றுகளை வெட்டிப் பார்த்தாலும் அதே கணக்குதான். தோட்டாக்கள் மட்டும் ஜெர்மன் தயாரிப்பு! அகதா கிறிஸ்டி இப்படி வைத்திருந்தால் அளவுக்கு மீறிய சாமர்த்தியம் என்றிருப்போம்.

நேச நாடுகளுக்குள் சண்டை மூட்ட இந்த உண்மை கோயபல்ஸுக்கு வேண்டும். அதே ஸ்மோலென்ஸ்க்கின் யூதர்களை முந்தின ஆண்டுதான் ஜெர்மானியர் கொன்று தீர்த்திருந்தார்கள். அந்தக் குழிகளைத் தோண்டச் சொல்ல எவருமில்லை. குந்தருக்கு இது தெரியும். தெரிந்தே நேர்மையாக வேலை பார்க்கிறார். அவர் எவ்வளவு சுத்தமாகத் துப்புத் துலக்குகிறாரோ அவ்வளவு லாபம் கோயபல்ஸுக்கு. குந்தர் ஜெயிக்க வேண்டுமென்று ஆசைப்படவே கூச்சமாக இருந்தது.

இடையில் இரண்டு ஜெர்மன் சிப்பாய்களின் கழுத்தை யாரோ அறுத்துவிட, அதற்கும் ஒரு விசாரணை. என் கணக்கில் கொஞ்சம் நீளம்தான். குந்தரின் குத்தல் பேச்சு அதையும் ஓட்டிவிடுகிறது.

1944-இல் சோவியத் குழு அதே பிணங்களை மறுபடி தோண்டியது. கொன்றவர்கள் ஜெர்மானியரே என்று எழுதிக் கையெழுத்திட்டது. மாஸ்கோ உண்மையை ஒப்புக்கொண்டது 1990-இல்தான். அந்தக் குழுவில் கையெழுத்திட்ட டாக்டர்கள் குழியில் கண்டது என்ன, வீட்டுக்குப் போய்ச் சொன்னது என்ன? கெர் 2018-இல் இறந்துவிட்டார். வேறு யாராவது அந்தக் கதையை எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.